ஸ்டாட்டர் வாங்க முன்னம் எர்த் வயரைப் பார், மகன்

மகன்,

நேற்றிரவு நீ பதுளையிலிருந்து போன் எடுத்தபோது லைன் விட்டு விட்டுத்தான் கேட்டது. நம் டீசல் கெப் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, இஞ்சினைச் சுற்றிவிடுகிற ஸ்டாட்டர் மோட்டர் போய்விட்டது என்று கராஜில் சொல்கிறார்கள், அது மட்டும் விளங்கியது. போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்றுதான் விடிய முன்னமே எழுந்து இதை எழுதுகிறேன். ஸ்டாட்டர் வாங்க அவசரப்படாதே.

திறப்பைத் திருப்பும்போது என்ன சத்தம் வருகிறது என்று கவனமாகக் கேள். டக் டக் டக் என்று விடாமல் அடித்தால் பெரும்பாலும் பெற்றரியில் சார்ஜ் இல்லை. ஒரே ஒரு டக், அதோடு சரி என்றால் ஸ்டாட்டராகவும் இருக்கலாம், வயராகவும் இருக்கலாம். இரவு முழுக்க நின்ற வண்டியில், வோல்ட் அளக்கிற மீற்றரைப் பெற்றரியின் இரண்டு முனையிலும் வைத்து, அது 12.6 வோல்ட் காட்டினால் பெற்றரி நிறைந்திருக்கிறது, 12க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் போடு. இஞ்சின் ஓடும்போது 13.8க்கும் 14.4க்கும் இடையில் நிற்க வேண்டும், ஏறவே இல்லை என்றால் பெற்றரியைச் சார்ஜ் பண்ணுகிற அல்டர்நேட்டரையும் அதன் பெல்ட்டையும் பார்.

அப்புறம் எர்த் வயர். எனக்குச் சந்தேகம் இதில்தான். வாழைச்சேனையிலிருந்து எத்தனை வருடம் அந்தக் கெப்பில் மீன் ஏற்றினோம், ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் பெட்டியிலிருந்து வடிந்து சேசிஸ் முழுக்க ஓடும், போதாததற்குக் கல்லடியில் கடற்காற்றுக்குள்ளேயே நிறுத்தி வைத்தோம். பெற்றரி மைனஸிலிருந்து இஞ்சினுக்கும் சேசிஸுக்கும் போகிற அந்தத் தடித்த வயர் வெளியே நல்லாகத்தான் இருக்கும், உள்ளே செம்பு பச்சை பூத்துப் பொடியாகியிருக்கும். லைட்டுக்கும் ஹோர்னுக்கும் கொஞ்சக் கரண்ட் போதும் என்பதால் அவை வேலை செய்யும். ஸ்டாட்டர் நூற்றுக்கணக்கான அம்பியர் இழுக்கும், அங்கேதான் அந்த வயர் கைவிட்டுவிடும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நானும் ஒருவர் சொன்னதை நம்பிப் புது ஸ்டாட்டர் போட்டேன், போட்ட பிறகும் அதே டக். பிழை ஒரு முழ வயரில் இருந்தது. அந்த மாதம் உன் டியூஷன் காசைப் பிந்திக் கொடுத்தது இன்னும் மனதில் கிடக்கிறது.

பார்க்கிற விதம் இதுதான். கியரை நியூட்ரலில் விட்டு ஹேண்ட் பிரேக்கை இழு. மீற்றரின் ஒரு முனையைப் பெற்றரி மைனஸிலும் மற்றதை இஞ்சின் பிளாக்கில் பெயிண்ட் இல்லாத இரும்பிலும் வைத்துக்கொண்டு, யாரையாவது திறப்பைத் திருப்பச் சொல். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குறை எர்த்தில். கழற்றும்போது மைனஸை முதலில் கழற்று, பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்டு. போல்ட் இருக்கிற இடத்தில் கறள் போகத் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே கிறீஸ் பூசு.

ஸ்டாட்டர் நன்றாகச் சுற்றியும் இஞ்சின் பிடிக்கவில்லை என்றால் அது வேறு கதை, புகைக் குழாயைப் பார். டீசல் மணத்தோடு வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை, அந்த மலைக்குளிரில், ஸ்டார்ட் பண்ண முன்னம் இஞ்சின் உள்ளே சூடாக்குகிற ஹீட்டர் பிளக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். புகையே இல்லை என்றால் டீசல் வரவில்லை. 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் பரலில் சேர்த்து வைத்தோமே, அதில் தண்ணீர் இறங்கி இஞ்சின் நடுவழியில் நின்றது ஞாபகமா? பில்டரின் அடியில் இருக்கிற திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடித்துவிட்டு, மேலே இருக்கிற கைப்பம்பை அமுக்கி, குமிழி இல்லாமல் டீசல் வரும் வரை காற்றை எடு. நம்முடையது பழைய பம்ப் இஞ்சின், அதனால் இன்ஜெக்டர் குழாய் நட்டைக் கொஞ்சம் தளர்த்தியும் காற்று எடுக்கலாம். உன் கூட்டாளியின் புதுக் கெப்பில் மட்டும் அதில் கை வைக்காதே மகன், அது கொமன் ரெயில் என்கிற புது வகை டீசல் இஞ்சின், அதில் அந்தக் குழாய்க்குள் 1,000 பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும், பீறிடுகிற டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும்.

லுணுகலை ஏற்றத்தில் சூடு முள் ஏறினால் ஓரமாக நிறுத்து. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே. இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் சின்னக் கியரில் வா.

இன்றைக்கே அந்த வயரைப் பார்த்து ஒரு படம் அனுப்பு, நீளத்தையும் அளந்து சொல். இங்கே நல்ல செம்பு வயர் வாங்கி முனை அடித்து நாளைய பதுளை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். அம்மா கருவாடும் கட்டி வைத்திருக்கிறா, அதையும் சேர்த்து எடுத்துக்கொள்.

அப்பா