துப்பாக்கியைக் காரில் கொண்டுபோகும் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

தேர்தலுக்காக நம் கடையில் ஒப்படைத்திருந்த துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கிப்போக ஒவ்வொருவராக வந்துகொண்டிருக்கிறீர்கள். பொள்ளாச்சி, தாளவாடி, கூடலூர் என்று தூரத்து ஊர்களிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் காரில்தான் வருகிறீர்கள். எங்கள் பெட்டகத்தை விட்டு வெளியே வந்தபின், வீடு போய்ச் சேரும்வரை அந்தத் துப்பாக்கிக்கு நீங்கள்தான் காவல். அதனால்தான் இந்த மடல்.

முதலில் தோட்டா. தோட்டா போட்ட துப்பாக்கி காரில் ஏறவே கூடாது. சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு) போட்டிருக்கிறேன் என்று சிலர் சொல்கிறீர்கள். பல துப்பாக்கிகளில் சேஃப்டி விசையை மட்டும்தான் பிடித்து வைக்கும். வண்டி பள்ளத்தில் விழுந்து குலுங்கினால் வெடிக்காது என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. இரட்டைக்குழல் 12 போர் (குழல் அளவின் பெயர்) துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். மடக்கித் திறந்து, இரண்டு குழலும் காலிதானா என்று வெளிச்சத்தில் பாருங்கள். குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்றினால் குழல் தனியாக வந்துவிடும், சின்னப் பெட்டியில் அடங்கிவிடும்.

பிஸ்டல் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முதலில் மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய கூட்டை) உருவுங்கள், அப்புறம் ஸ்லைடை (மேலே பின்னால் நகரும் பகுதியை) இழுங்கள். இந்த வரிசை மாறினால் குழலின் பின்முனையில் சுடத் தயாராக இருக்கும் அறையில் இருந்த தோட்டா வெளியே விழும், மேகசினிலிருந்து அடுத்தது உள்ளே ஏறிவிடும். நீங்கள் காலி என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். ஸ்லைடைப் பின்னால் நிறுத்தி, கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்த்துவிடுங்கள். குழல் வாய் வழியாக வெடிமருந்து இடித்து நிரப்பிய பழைய துப்பாக்கியாக இருந்தால் வண்டியில் ஏற்றாமல் எங்களுக்கு போன் செய்யுங்கள்.

துப்பாக்கி ஒரு பெட்டியில், தோட்டா வேறொரு பெட்டியில், இரண்டும் பூட்டி இருக்கட்டும். பொது இடத்தில் துப்பாக்கி முழுவதும் மூடியிருக்க வேண்டும், கொண்டுபோகிறவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பது 2016 ஆயுத விதிகள். ஆகவே சாப்பிட இறங்கும்போது காரிலேயே வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஒருவர் வண்டியிலேயே இருக்கிறாரே என்றாலும், அவர் லைசென்ஸ்தாரர் இல்லை. காணாமல் போனால் பக்கத்துக் காவல் நிலையத்தில் உடனே சொல்லியாக வேண்டும்.

லைசென்ஸ் அசலாகவே கையில் இருக்கட்டும். அது எந்த எல்லைக்குள் செல்லும் என்று எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்று இருந்தால் கேரள எல்லையான வாளையாறைத் தாண்டிய நிமிடத்திலிருந்து உங்கள் கையில் லைசென்ஸ் இல்லை என்றுதான் அர்த்தம்.

காட்டு வழியைப் பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. லைசென்ஸ் சரியாக இருந்தாலும் இதற்கு அது போதாது. கூடலூர்க்காரர்கள் முதுமலைச் சரணாலயத்துக்குள் போகும் மசினகுடி, தெப்பக்காடு வழியை விட்டுவிட்டு நடுவட்டம் வழியாகப் போவது நல்லது. தாளவாடிக்காரர்கள் சத்தியமங்கலம் காட்டு வழியே திம்பம் மலைப்பாதை ஏற வேண்டியிருப்பதால் வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கிவிடுங்கள்.

டிரைவரிடமோ மகனிடமோ துப்பாக்கியைக் கொடுத்து ரிப்பேருக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒன்று. ரிப்பேர், லைசென்ஸ் புதுப்பித்தல் போன்ற காரியங்களுக்கு இதை 1959 ஆயுதச் சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் உங்கள் எழுத்து மூலமான அதிகாரம் வேண்டும். யார், எந்த எண்ணுள்ள துப்பாக்கியை, எதற்காகக் கொண்டுபோகிறார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, லைசென்ஸையும் கொடுத்தனுப்புங்கள். வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினால் மாட்டிக்கொள்வது அந்தப் பையன்தான்.

சோதனைச் சாவடியில் நிறுத்தினால் துப்பாக்கி இருப்பதை நீங்களே முதலில் வாயால் சொல்லுங்கள். பெட்டியைத் தொட வேண்டாம். அவர்கள் கேட்டபின் திறக்கலாம். லைசென்ஸைக் காட்டச் சொல்ல எந்தக் காவல் அதிகாரிக்கும் உரிமை உண்டு, அதில் சங்கடப்பட ஒன்றுமில்லை.

இருட்டுவதற்குள் வீடு சேர முடியாது என்று தோன்றினால் அவசரப்படாமல் மறுநாள் வாருங்கள். துப்பாக்கி இன்னும் ஒரு நாள் எங்கள் பெட்டகத்தில் இருப்பதில் எங்களுக்குச் சிரமமே இல்லை.

அன்புடன்,
கடை நிர்வாகம்