கிடையை விற்கச் சொன்ன மகனுக்கு

அன்பு மகனுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கு எல்லாரும் சுகம்.

தங்கச்சி அனுப்பிய, பொருக்குக் கட்டிய நம் கிடை ஆடுகளின் போட்டோவைப் பார்த்துவிட்டு, "ஆட்டம்மைதான், வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள்" என்று குவைத்திலிருந்து சொல்லிவிட்டாய். ஆட்டு வியாபாரியும் அதையேதான் சொல்கிறார். விலையை அமுக்க அவருக்கு ஒரு சாக்குக் கிடைத்தது.

அம்மை என்றால் காய்ச்சல் அடிக்கும், இரை எடுக்காது, கண்ணும் மூக்கும் ஒழுகும். தொடை இடுக்கிலும் வாலடியிலும், மயிர் இல்லாத இடமாகப் பார்த்து, உருண்டை உருண்டையாகக் கிளம்பும். நம் ஆடுகள் மேய்கின்றன, அசை போடுகின்றன. பொருக்குக் கட்டியிருப்பது முதுகிலும் காது மடலிலும் மூக்குத் தண்டிலும். பிடித்து இழுத்தால் மயிர் கொத்தாக, பெயிண்ட் பிரஷ் மாதிரி, பொருக்கோடு கழன்று வருகிறது. அடியில் ஈரம், கொஞ்சம் மஞ்சள் சீழ்.

மாட்டு டாக்டர் அந்தப் பொருக்கைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். நீலப் புள்ளிகள் ஜோடி ஜோடியாக நெடுக வரிசை கட்டி நின்றன. அம்மை இல்லை, டெர்மட்டோபிலஸ் காங்கோலென்சிஸ் என்ற பாக்டீரியாவாம். 1915-ல் காங்கோ நாட்டு மாடுகளில் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர்.

இந்த ஐப்பசியில் விடாமல் பெய்த மழைதான் வினை. தோல் நாள் கணக்கில் நனைந்து ஊறியது. கருவேல முள் கீறிய இடமும் உண்ணி கடித்த இடமும் கிருமிக்கு வாசலாகிவிட்டன. காய்ந்த பொருக்குக்குள் அது மாதக்கணக்கில் உயிரோடு கிடக்குமாம். மறுபடி ஈரம் பட்டால் கிளம்பிவிடும். அதனால் உதிர்வதை எல்லாம் பொறுக்கி எரிக்கிறேன். மனிதருக்கும் ஒட்டும் என்றதால் உன் அம்மாவைக் கையுறை இல்லாமல் ஆட்டைத் தொட விடுவதில்லை. அவள் கேட்கிறாளா என்பது வேறு கதை.

ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஊசி, நாள்பட நிற்கிற ரகம், கிலோவுக்கு 20 மில்லிகிராம் கணக்கில் போட்டாயிற்று. மில்லிக்கு 200 மில்லிகிராம் உள்ள மருந்து, அதனால் 25 கிலோ ஆட்டுக்கு இரண்டரை மில்லி. பொருக்கு விழுந்தவற்றைத் தனியாக மேட்டில் கட்டியிருக்கிறேன். கரிசல் சேற்றில் கிடை அமர்த்தாமல் மேலே தகரம் போட்டிருக்கிறேன். அந்தச் செலவுக்கு உன்னிடம் கேட்கப்போவதில்லை. பொருக்கு லேசாகப் பிடித்த ஆடுகளில் இப்போதே புது மயிர் அரும்புகிறது. ஒரு குட்டிக்கு மட்டும் மூக்கைச் சுற்றிப் பொருக்கு அடைத்து, பால் குடிக்கத் தடுமாறுகிறது. அதற்குப் புட்டியில் கறந்து ஊட்டுகிறோம்.

இன்னொன்று. ஊசி போட்ட ஆட்டை டாக்டர் சொன்ன கெடு முடியாமல் கறிக்கு விடக்கூடாது. வியாபாரியிடம் அதைச் சொன்னேன், "அதெல்லாம் யார் பார்க்கிறார்கள்" என்றார். அந்த ஆளிடமா நம் வேம்பூர் இனப் பொட்டாடுகளைக் கொடுக்கச் சொல்கிறாய்?

அவருக்கு நீ இனிமேல் போன் போடாதே. விற்க வேண்டி வந்தால், தை பிறந்து மேலெல்லாம் மயிர் மூடியபின் நானே விலை பேசிக்கொள்கிறேன்.

அப்பா