மண்ணின் வரிசை, நீரின் வழி: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்தி முடித்த பிறகு நிதானமாக எழுதலாம் என்று வைத்திருந்தேன். உன் மகளுக்குத் திருச்சியில் வேலை கிடைத்ததை அறிந்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அம்மாவின் முட்டிவலி இப்போது பரவாயில்லை, உன்னை விசாரித்தார்.

சுரங்கம் தோண்டிய நிலத்தை மீட்பது பற்றி அரியலூரில் உன் மாணவர்களுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருந்தாய். நெய்வேலிக்கு அருகில் பாடம் நடத்தும் எனக்கு, வகுப்பில் பாதிப் பேரின் வீடுகளில் அன்றாடம் பேசப்படும் விஷயம் அது. ஆனாலும் நான் தொடங்கிய இடம் தவறாக இருந்தது. சென்ற ஆண்டு, சுரங்க மண்மேட்டில் வளர்க்கப்பட்ட தோப்பு ஒன்றைக் காட்டிவிட்டு வந்து கட்டுரை எழுதச் சொன்னேன். அத்தனை பேரும் மரங்களை எண்ணி எழுதியிருந்தார்கள். காலடி மண்ணைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. நான் அதைச் சொல்லித் தரவில்லை என்பதுதான் காரணம்.

ஆகவே இந்த ஆண்டு மண்ணிலிருந்து தொடங்கினேன். பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்கு அதன்மேல் பல பத்து மீட்டர் ஆழத்துக்குக் கிடக்கும் மண்ணையும் மணற்கல்லையும் களியையும் அகற்ற வேண்டும். மேல்மண்ணைத் தனியே எடுத்து வைத்துக் கடைசியில் மேலே பரப்பாவிட்டால், ஆழத்தில் இருந்த உயிரற்ற களி மேலே வந்துவிடும், பயிர் விளைந்த மண் அடியில் புதைந்துவிடும். இதைப் புரியவைக்க இரண்டு தண்ணீர்ப் பாட்டில்களின் அடியை வெட்டிக் கவிழ்த்து, ஒன்றில் முந்திரித் தோப்புச் செம்மண்ணையும் மற்றொன்றில் இறுக்கிய களியையும் நிரப்பி, இரண்டிலும் ஒரே அளவு நீர் ஊற்றினோம். செம்மண்ணில் ஊற்றிய நீர் சற்று நேரத்தில் கீழே சொட்டத் தொடங்கியது. களியின் மேல் ஊற்றியது மதிய மணி அடிக்கும் வரை அப்படியே நின்றது. நீரை உள்ளேயே விடாத மண்ணில் மரத்தை நட்டால் அது எதைக் குடிக்கும் என்று ஒரு மாணவி கேட்டாள். பசுந்தாள் உரப் பயிர்களான தக்கைப்பூண்டையும் சணப்பையையும் விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவது ஏன், ஒரு மண்ணைத் தேற்ற ஏன் பல ஆண்டுகள் ஆகின்றன என்பதையெல்லாம் அந்தக் கேள்வியிலிருந்தே விளக்க முடிந்தது.

நீரைப் பற்றிய பாடம் இன்னும் கடினம். 1935 வாக்கில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் தானாகப் பீறிட்ட கிணற்று நீரோடு கரிய பொருள் வெளிவந்ததுதான் நெய்வேலியின் தொடக்கக் கதை. அந்த நீரைப் பீறிடச் செய்த அழுத்தம் நிலக்கரிப் படிவத்தின் அடியிலும் இருப்பதால், இரவு பகலாக நீரை இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே வெடித்து மேலெழும். அப்படி இறைக்கும் நீரில் ஒரு பகுதி வாலாஜா ஏரிக்குப் போய் வயல்களுக்கும் பாய்கிறது என்பது உண்மை. ஆனால் நிலத்தடியில் ஓரிடத்தில் இறைப்பது சுற்றுவட்டாரக் கிணறுகளிலும் தெரியும் என்பதைப் பிள்ளைகள் தாமே காண வேண்டும் என்று விரும்பினேன். இப்போது ஒவ்வொரு மாத முதல் வாரத்திலும் முடிச்சுப் போட்ட கயிற்றோடு பதினோரு கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து பதிவேட்டில் எழுதுகிறார்கள். மோட்டார் இல்லாமலே நீர் வழிந்த காலத்தை ஒரு மாணவனின் தாத்தா சொன்னபோது, அதையும் அவர்கள் தேதியிட்டு எழுதிக்கொண்டார்கள்.

உன் பக்கத்தில் கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் குழிகளில் மழைநீர் தேங்கி நிற்குமே, அவற்றிலிருந்து நீ தொடங்கலாம். அந்த நீர் எங்கிருந்து வருகிறது, கோடையில் எவ்வளவு இறங்குகிறது, கரையில் என்ன முளைக்கிறது என்று ஓர் ஆண்டு முழுவதும் குறித்துவரச் சொல். ஆழமான குழிகள் என்பதால் பிள்ளைகளை விளிம்பருகே போக விடாதே.

எனக்கு ஓர் உதவி வேண்டும். நிலக்கரியோடு கிடக்கும் பைரைட் என்ற இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம், காற்றும் நீரும் பட்டால் அமிலமாகி ஓடையைக் கெடுக்கும் விதத்தையும், சுண்ணாம்புக்கல் அந்த அமிலத்தைத் தணிப்பதையும் அடுத்த மாதம் செய்து காட்ட இருக்கிறேன். அமிலத்துக்கு எலுமிச்சைச் சாறும் நிறமாற்றத்துக்குச் செம்பருத்திச் சாறும் இங்கேயே கிடைக்கும். கல் மட்டும் உங்கள் ஊருடையதாக இருக்கட்டும். தீபாவளிக்கு வரும்போது ஒரு பை நிறைய எடுத்து வா.

அன்புடன்,
ராமலிங்கம்