மாடியில் மீன்தொட்டி: சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். "மாடி வீடுகளில் பெரிய மீன்தொட்டி கூடாது" என்று ஒரே வரியில் விதி எழுதுவது எளிது. எது பெரியது, எந்த இடத்தில் ஆபத்து என்பதை அந்த வரி சொல்லாது. வண்ணமீன் வளர்ப்பவர்களும் கட்டுமானப் பொறியாளர்களும் சேர்ந்து கேட்கிறோம்: லிட்டரை மட்டும் பார்க்காதீர்கள், தொட்டி நிற்கப்போகும் இடத்தைப் பாருங்கள்.

நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் 260 கிலோ, 10 மி.மீ. கண்ணாடி 63 கிலோ, இரண்டு அங்குலக் கிராவல் 40 கிலோ, இரும்பு ஸ்டாண்ட் 40 கிலோ. மொத்தம் ஏறக்குறைய 400 கிலோ. கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதி, வீட்டு அறைத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ, பயன்பாட்டுச் சுமை (ஆட்கள், சாமான்களின் எடை) வைத்து வடிவமைக்கச் சொல்கிறது. தொட்டியின் அடியிலோ சதுர மீட்டருக்கு 740 கிலோ வருகிறது. இந்த ஒற்றை ஒப்பீட்டைக் காட்டித்தான் பயமுறுத்துகிறார்கள். ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைத் தளம் முழுவதும் அந்த 200 கிலோவைத் தாங்க வேண்டும் என்றால் கூட்டுத்தொகை இரண்டு டன்னைத் தாண்டும். 400 கிலோவை எங்கே இறக்குகிறோம் என்பதே கேள்வி.

பத்தடி அகலத் தளத்தை இரு பக்கமும் பீம் தாங்குகிறது என்று வையுங்கள். தொட்டியை நடு அறையில் வைத்தால் தளத்தை வளைக்கும் விசை உச்சத்தில் இருக்கும். அதே தொட்டியை, அதன் நடுக்கோடு பீமிலிருந்து ஓரடி தள்ளி இருக்கும்படி சுவரோரம் நீளவாட்டில் வைத்தால் அந்த விசை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். தூணுக்குப் பக்கத்து மூலை இன்னும் நல்லது. சுவர் இருக்கிறது என்பதால் அதன் அடியில் பீம் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம்; நாலரை அங்குலத் தடுப்புச் சுவர்கள் பல இடங்களில் வெறும் தளத்தின் மேலேயே நிற்கின்றன. கீழ்வீட்டுக் கூரையைப் பார்த்தால் தெரியும். அங்கே ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் பீம், தூண் இருக்கும் இடங்களைக் காட்டும் ஸ்ட்ரக்சரல் டிராயிங்கைத் தேடுங்கள். அதைப் பத்திரப்படுத்தி வைத்திருக்க வேண்டியது சங்கம்தான்.

"இருபது விருந்தினர் நிற்கலாம், தொட்டி நிற்கக்கூடாதா?" என்ற வாதத்தையும் ஏற்காதீர்கள். விருந்தினர் இரவே கிளம்பிவிடுவார்கள். ஆண்டுக்கணக்கில் நகராமல் நிற்கும் சுமைக்குக் கான்கிரீட் மெல்ல மெல்லத் தொய்ந்துகொண்டே போகும்.

கண்டிப்பாக மறுக்க வேண்டிய இடங்களும் உண்டு. முதலாவது பால்கனி. ஒரு பக்கம் மட்டும் பிடிமானத்தோடு வெளியே நீண்டிருக்கும் கான்டிலிவர் தளத்தின் உயிரே மேல்பக்கக் கம்பியில்தான். மழைநீர் கசிந்து அது துருப்பிடித்தால் துணைக்கு வேறு தாங்கல் கிடையாது. பால்கனியை ஹாலோடு சேர்த்து ஒரே டைல்ஸ் போட்ட வீடுகளில், ஸ்டாண்டின் கால் கான்டிலிவர் மேல் நிற்கிறது என்பதே வெளியில் தெரியாது. விண்ணப்பம் வந்தால் பழைய வரைபடத்தை விரித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கீழ்வீட்டுக் கூரையில் கம்பி வாட்டத்தில் விரிசலோ துருக்கறையோ இருந்தாலும் அதைச் செப்பனிடும் வரை அனுமதி வேண்டாம். தேக்கு உத்தரங்கள் தாங்கும் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளுக்கு இந்த மடலின் கணக்கு எதுவும் பொருந்தாது. பொறியாளர் நேரில் வர வேண்டும்.

இனி டைல்ஸ். தளம் விரிசல் விடுவதைவிட டைல் உடைவதுதான் அடிக்கடி நடக்கும். ஓரங்குலச் சதுரக் குழாய்க் கால் ஒவ்வொன்றும் 100 கிலோவைச் சதுர சென்டிமீட்டருக்கு 16 கிலோவாக இறக்குகிறது. கீழே கலவை பிடிக்காமல் பொள்ளலாக இருந்தால் டைல் விரிசல் விட்டு, கால் இரண்டு மி.மீ. இறங்கி, தொட்டி முறுக்கிக்கொள்ளும். கண்ணாடி ஒரே பக்கமாகச் சற்றுச் சாய்வதைப் பொறுத்துக்கொள்ளும், முறுக்கைப் பொறுக்காது. அடிமூலைச் சிலிக்கான் வாய்விட்டால் 260 லிட்டரும் வெளியே வரும். அந்த அறை முழுக்க ஓரங்குல உயரத்துக்குத் தண்ணீர். அடுத்து அது தளத்துக்குள் ஓடும் ஒயரிங் குழாய் வழியே கீழ்வீட்டு ஃபேன் கொக்கியில் சொட்டும்.

ஆகவே ஸ்டாண்டை வைக்குமுன் டைல்ஸைக் காசால் தட்டிப் பார்க்க வேண்டும். 'டொக் டொக்' என்று பொள்ளல் சத்தம் வரும் டைலைப் பெயர்த்து மறுபடி பதித்து, கலவை இறுகிய பிறகே வைக்கலாம். ஒவ்வொரு காலுக்கும் கீழே 10 செ.மீ. சதுர, 6 மி.மீ. இரும்புத் தகடு: அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவாக இறங்கிவிடும். கழுவிவிட்டால் தண்ணீர் ஓட வேண்டுமென்று நம் தரைகளில் வாட்டம் விடுவது வழக்கம். ரசமட்டம் வைத்துப் பார்த்து, காலுக்கடியில் மெல்லிய தகடு கொடுத்தே மட்டம் சரிசெய்ய வேண்டும். கண்ணாடிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் அட்டையை மடித்துச் செருகுவது வெடிப்பை வரவழைக்கும் வேலை. ஸ்டாண்டின் மேல் 18 மி.மீ. மரைன் பிளைவுட், அதன் மேல் 10 மி.மீ. தெர்மாகோல், பிறகு தொட்டி. அடியில் பிளாஸ்டிக் விளிம்புள்ள தொட்டிக்குத் தெர்மாகோல் தேவையில்லை. முதலில் கால் பங்கு நீர், ரசமட்டம். பாதி நீர், மறுபடி ரசமட்டம். ஓர் இரவு விட்டு மீதி. மின் இணைப்பில் மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கட்டும்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. பழைய டைல்ஸின் மேலேயே 40 மி.மீ. கலவை போட்டுப் புது டைல்ஸ் ஒட்டினால் சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல் கூடுகிறது. மேலே சொன்ன பத்துக்குப் பன்னிரண்டு அறையில் மட்டும் ஒரு டன்னுக்கு மேல், அதாவது இரண்டரைத் தொட்டி எடை! அதற்கு எந்தச் சங்கமும் இவ்வளவு கவலைப்பட்டு நாங்கள் பார்த்ததில்லை.

விதியை இப்படித் திருத்தலாம். 200 லிட்டர் வரை சுவரோரம் வைக்கத் தகவல் கொடுத்தால் போதும். 500 லிட்டர் வரை, பீம் இருப்பைக் குறித்த அறை வரைபடம், ஸ்டாண்டின் அளவு, கீழ்வீட்டுக் கூரையின் படம் ஆகியவற்றோடு விண்ணப்பம். அதற்கு மேல் ஸ்ட்ரக்சரல் பொறியாளரின் கடிதம். பால்கனியிலும், பால்கனியாக இருந்து அறையான இடத்திலும் எந்த அளவானாலும் இல்லை. கீழ்வீட்டுக்காரர் படமெடுக்க அனுமதிக்கத் தயங்குவார்; அங்கே பேசி வாங்கித் தருவது உங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
வண்ணமீன் வளர்ப்போரும் கட்டுமானப் பொறியாளர்களும்