கடைசிப் பரீட்சையோடு நின்றுவிடும் உதவி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒவ்வொரு மே மாதமும் பிளஸ் 2 ரிசல்ட் வந்ததும் நல்ல மார்க் எடுத்த மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் படத்தை உங்கள் பத்திரிகையில் பார்க்கிறேன். மனசுக்கு நிறைவாக இருக்கிறது. அதே பிள்ளைகள் நாலு வருஷம் கழித்து எங்கே இருக்கிறார்கள் என்றுதான் யாரும் எழுதுவதில்லை. என் மகளும் அப்படிப் படம் வந்த பிள்ளைதான்.

அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பி.காம். முடித்தாள், கணக்கு எழுதுகிற டேலி சாஃப்ட்வேர் நன்றாகத் தெரியும். படிக்கிற காலத்தில் குறை சொல்ல மாட்டேன், உதவித்தொகை வந்தது, பரீட்சையில் கூடுதல் நேரம் கொடுத்தார்கள், சைகை தெரிந்த ஆசிரியர் இருந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் காது கேளாதவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடக்கின்றன, அந்த அளவுக்கு நாம் வந்திருக்கிறோம். ஆனால் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்த அன்றோடு எல்லாம் நின்றுபோனது.

வேலைக்கு விண்ணப்பம் போட்டால் முதலில் போன்தான் வரும். கையில் போன் அதிரும், தெரியாத எண், அதைத் தூக்கிக்கொண்டு அவள் என்னிடம் ஓடி வருவாள், நான் வீட்டில் இல்லையென்றால் அடுப்படியில் இருக்கிற அம்மாவிடம் ஓடுவாள், அதற்குள் நின்றுவிடும். நான் எடுத்து, அவளுக்குக் காது கேட்காது, வாட்ஸ்அப்பில் எழுதுங்கள் என்று சொன்னால், "கேண்டிடேட்தான் சார் பேசணும்" என்பார்கள். விண்ணப்பத்தில் மாற்றுத்திறனாளி என்ற இடத்தில் டிக் போட்டு, சான்றிதழ் நகலும் வைத்துத்தான் அனுப்பியிருந்தோம். ஒரு இடத்தில் நேரில் கூப்பிட்டார்கள். உதட்டசைவைப் பார்த்தால் அவளுக்குப் பாதியாவது புரியும், ஆனால் கேள்வி கேட்டவர் கம்ப்யூட்டரையே பார்த்துப் பேசியிருக்கிறார். என்னை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். வெளியே வந்ததும், "அவர் என்ன கேட்டார்னே தெரியலப்பா" என்று போனில் டைப் பண்ணிக் காட்டினாள்.

அரசு வேலையில் இடஒதுக்கீடு இருக்கிறதே, டி.என்.பி.எஸ்.சி. எழுதச் சொல்லுங்கள் என்று பார்ப்பவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 3 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்த்தியது, அதை நம்பி அவளோடு படித்த பலர் வருஷக்கணக்காகப் படித்துக்கொண்டே இருக்கிறார்கள். எத்தனை பேருக்குத்தான் அதில் இடம் கிடைக்கும்? மற்றவர்கள் தனியாரிடம்தான் போக வேண்டும். அதே சட்டத்தின் 21-வது பிரிவு, ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும் என்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற தனியார் நிறுவனம் என்றால், இதைக் கவனிக்க ஒரு தொடர்பு அலுவலரையும் நியமிக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. நாங்கள் ஏறி இறங்கிய இடங்களில் இதைக் கேட்டபோது ஒருவருக்கும் இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

கடைசியில் ஒன்றரை வருஷம் கழித்து ஒரு சின்ன ஆடிட்டர் ஆபீசில் வேலை கிடைத்தது. அங்கேயும் முதல் பத்து நாள் அவள் டீ குடிக்கவில்லை. பையன் வாசலில் நின்று "டீ" என்று குரல் கொடுப்பான், எல்லோரும் எழுந்து போவார்கள், இவள் முதுகைக் காட்டி உட்கார்ந்து பில் பதிந்துகொண்டிருப்பாள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். அவளுக்குப் பள்ளியில் பாடம் எடுத்த சிறப்பாசிரியர் ஒருவர், தன் சொந்த லீவில் நாலு நாள் அந்த ஆபீசுக்குப் போய் உட்கார்ந்தார். மேஜையை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போடச் சொன்னார், வேலையை வாயால் சொல்லாமல் வாட்ஸ்அப்பில் எழுதச் சொன்னார், கூப்பிட வேண்டுமென்றால் மேஜையைத் தட்டுங்கள் என்றார், பத்துப் பதினைந்து சைகை கற்றுக்கொடுத்தார். இதற்குப் பைசா செலவில்லை. அப்புறம் ஒரு பிரச்சினையும் வரவில்லை, மூன்று வருஷமாக அங்கேதான் இருக்கிறாள். அந்த நாலு நாள் இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்திருப்பாள், அவர்களும் "இந்த மாதிரிப் பிள்ளைகள் சரிப்பட்டு வராது" என்று முடிவு கட்டியிருப்பார்கள்.

அந்த ஆசிரியர் நல்ல மனசில் செய்ததை அரசு சம்பளம் கொடுத்துச் செய்ய வைக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. வேலையில் சேர்கிற ஒவ்வொரு பிள்ளையோடும் முதல் மூன்று மாதம் அவ்வப்போது போய்ப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். நேர்முகத் தேர்வுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளரை மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகமே அனுப்ப வேண்டும். கிண்டியில் மத்திய அரசின் வேலைவாய்ப்பு மையம் இருக்கிறது, சரி, புதுக்கோட்டையில் இருக்கிற பிள்ளை எத்தனை தடவை கிண்டிக்குப் போய் வரும்? இன்னொன்று, இதெல்லாம் டிகிரி வாங்கிய பிறகு ஆரம்பிக்கிற விஷயமே இல்லை. தொழில் பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டப்படி 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் மொத்த ஊழியர் எண்ணிக்கையில் இரண்டரை முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். அந்த இடங்களில் நம் பிள்ளைகளையும் சேர்க்கக் கல்லூரிகள் இரண்டாம் வருஷத்திலேயே கம்பெனிகளோடு பேசட்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த மே மாதம் புதுப் படங்களைப் போடும்போது, நாலைந்து வருஷத்துக்கு முன்னால் படம் போட்ட பிள்ளைகளின் வீட்டுக்கும் ஒரு நிருபரை அனுப்புங்கள். எங்கள் வீட்டு முகவரியைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தந்தை,
திருச்சி.