டயர் மாற்றிய பிறகு ஸ்பீடோமீட்டர் வேகத்தைக் குறைத்துக் காட்டுகிறது

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் உங்கள் சர்வீஸ் சென்டரில் என் காரின் நான்கு டயர்களையும் மாற்றினேன். அன்றிலிருந்து மீட்டரில் 100 இருக்கும்போது ஜிபிஎஸ்ஸில் 102 வருகிறது. சமதளமான சாலையில், ஒரே சீரான வேகத்தில் மூன்று முறை பார்த்துவிட்டேன். நேரில் வந்து சொன்னபோது, "எல்லா காரிலும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும் சார், அது நார்மல்தான்" என்று அனுப்பிவிட்டார்கள்.

வித்தியாசம் இருக்கும் என்பது எனக்கும் தெரியும். அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை வைத்துத்தான் மீட்டர் வேகத்தைக் கணக்கிடுகிறது. டயர் தேய்ந்தாலும் காற்று குறைந்தாலும் கணக்கு சற்று மாறும். அதனால்தான் தயாரிக்கும்போதே கொஞ்சம் கூட்டிக் காட்டும்படி வைக்கிறார்கள். பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா.வின் 39-ஆம் வாகன ஒழுங்குமுறைப்படி, உண்மை வேகத்தில் 10 சதவீதமும் அதற்கு மேல் 4 கி.மீ.யும் வரை மீட்டர் கூட்டிக் காட்டலாம். குறைத்துக் காட்டவே கூடாது. பழைய டயரில் மீட்டர் 100 காட்டியபோது என் கார் 97-ல் போனது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சந்தேகம் வந்து சக்கரத்தின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சேற்றைத் துடைத்துவிட்டு டயரில் புடைத்திருந்த எழுத்தைப் படித்தேன். 195/65 ஆர்15, அதாவது அகலம் 195 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும், இந்தக் காருக்கு உரிய டயர் அளவைச் சொல்லும் ஸ்டிக்கரிலோ 185/60 ஆர்15. 603 மி.மீ. விட்டம் இருக்க வேண்டிய சக்கரம் இப்போது 634 மி.மீ. சுமார் 5 சதவீதம் பெரிது. ஒவ்வொரு சுற்றுக்கும் கார் ஏறக்குறைய 10 செ.மீ. கூடுதலாக ஓடுகிறது, மீட்டருக்கு அது தெரியாது. ஓடிய தூரமும் இதே கணக்கில் குறைவாகத்தான் பதிவாகிறது. மைலேஜ் திடீரென்று குறைந்ததுபோல் தெரிந்ததற்கும் இதுதான் காரணம்.

தவறான அளவை மாட்டியது உங்கள் ஆட்கள். ஸ்டிக்கரில் உள்ள அளவிலேயே நான்கு டயர்களையும் உங்கள் செலவில் மாற்றித் தர வேண்டும். அப்புறம், உங்கள் ஆள் ஒருவரை உட்கார வைத்து ஜிபிஎஸ்ஸுடன் ஓட்டிப் பார்த்து, வந்த அளவை எழுத்தில் தர வேண்டும். கையில் இருக்கும் டயரை மாட்டும் பழக்கம் அங்கே இருந்தால், அண்மையில் டயர் மாற்றிய மற்றவர்களின் கார்களையும் தயவுசெய்து பாருங்கள்.

எனக்கு விஷயம் தெரியும் என்பதால் மீட்டரில் 95-ஐத் தாண்டாமல் ஓட்டுகிறேன். இதே காரை என் மகளும் எடுத்துப் போகிறாள். ஏழு நாட்களுக்குள் பதில் வேண்டும். பில்லின் நகலையும் டயர், ஸ்டிக்கர் படங்களையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்