சர்க்கரையும் இதய நோயும் சேர்ந்து உள்ளவர்களுக்கு எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை வழங்கக் கோரி மனு

அனுப்புநர்: இரண்டு நோயும் உள்ள ஒருவரின் மகள்
பெறுநர்: உயர்திரு செயலாளர் அவர்கள், சுகாதாரத் துறை

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

என் அப்பாவுக்கு 19 வருடமாகச் சர்க்கரை. நான்கு வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்ததிலிருந்து இதயத்தின் பம்பிங்கும் குறைந்துவிட்டது. அரசு மருத்துவமனையில்தான் பார்க்கிறோம். சர்க்கரைக்கு ஒரு நாள், ஒரு நோட்டு. இதயத்துக்கு வேறு நாள், வேறு நோட்டு.

போன வருடம் அவருக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். படுத்தால் மூச்சு முட்டும் என்று கட்டில் ஓரத்தில் விடிய விடிய உட்கார்ந்திருப்பார். இதயப் பிரிவில் நீர் மாத்திரையைக் கூட்டியும் வீக்கம் வற்றவில்லை. ஒரு நாள் பணியில் இருந்த இளம் மருத்துவர் இரண்டு நோட்டையும் வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்த்தார். சர்க்கரை நோட்டில் பியோகிளிட்டசோன் இருந்தது. அது உடம்பில் உப்பையும் நீரையும் தங்க வைக்கும். இதயச் செயலிழப்பு, அதாவது அப்பாவைப் போல இதயத்தின் பம்பிங் குறைந்த நிலை, உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாதது. ஒரு பிரிவு நீரை இறக்க மாத்திரை தந்தது, இன்னொரு பிரிவு நீரைத் தேக்கும் மாத்திரையைத் தந்தது. அப்பா இரண்டையும் ஒரு வேளை தவறாமல் போட்டிருக்கிறார்.

அந்த மருத்துவர் பியோகிளிட்டசோனை நிறுத்திவிட்டு, எம்பாகிளிஃப்ளோசின் 10 மில்லிகிராம், தினம் ஒன்று என்று எழுதினார். மருந்து தரும் ஜன்னலில், "இங்கே இல்லை, வெளியே வாங்கிக்கோங்க" என்றார்கள். இன்றுவரை அதே பதில்தான்.

இந்த மாத்திரை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகிறது. கூடவே கொஞ்சம் உப்பும் நீரும் இறங்கும். இரண்டு நோயும் உள்ள 7,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய ஆய்வு 2015-ல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சையோடு இதையும் எடுத்தவர்களிடம் இதய, ரத்தநாள நோயால் வரும் மரணம் 38 சதவீதமும், இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்வது 35 சதவீதமும் குறைந்திருந்தன. உலக சுகாதார நிறுவனம் 2021-லேயே இவ்வகை மாத்திரைகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. சர்க்கரைக்கான லிராகுளுடைடு போன்ற ஊசி மருந்துகளும் 2025-ல் அதில் வந்துவிட்டன. அதையெல்லாம் இப்போது கேட்கவில்லை ஐயா. முதலில் இந்த ஒரு மாத்திரை கிடைக்கட்டும்.

எம்பாகிளிஃப்ளோசின் அல்லது அதே வகையைச் சேர்ந்த டாபாகிளிஃப்ளோசின், ஏதாவது ஒன்றை அரசு மருந்துப் பட்டியலில் சேர்த்து, ஆரம்ப சுகாதார நிலையம் வரை தடையில்லாமல் கிடைக்கச் செய்ய வேண்டும். இரண்டு நோயும் உள்ளவர்களுக்கு இரண்டு பிரிவுக்கும் பொதுவாக ஒரே நோட்டு போட வேண்டும். இதைச் செய்திருந்தாலே அப்பா அத்தனை இரவு உட்கார்ந்து கழித்திருக்க மாட்டார்.

அப்புறம், மாத்திரையோடு ஒரு தமிழ்த் துண்டுச்சீட்டும் கொடுங்கள். வாந்தி பேதி வந்தாலோ, சாப்பிட முடியாமல் போனாலோ, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாலோ இதை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேட்க வேண்டும். சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலப் பொருள் கூடி உயிருக்கு ஆபத்து வரலாம். பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்றும் வரலாம். கூச்சப்பட்டு மறைப்பவர்கள் அதிகம் என்பதால் அதையும் எழுதியே கொடுக்க வேண்டும்.

அப்பாவின் இரண்டு நோட்டுகளின் நகலையும் இணைத்துள்ளேன். பியோகிளிட்டசோன் எழுதிய வரியைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருக்கிறேன். தயவுசெய்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)